பாஸில் எழுதிய வேலை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் என் தங்கை கண்ணை மூடியபோது என் கைக்கு வந்தவர்கள். ஆறு பேருக்கும் சோறு போட்டது வெல்டிங் வேலை. நான் செய்த வெல்டிங் வேலை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதை எழுத வேண்டிய இடத்தில் ஒரு காலம் வேறொன்றை எழுதினார்கள்.

மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் நிரம்ப இரண்டு நாள் செல்லும். செல்லட்டும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை தொழிற்பயிற்சிக்குப் போய் வெல்டிங் படிக்கிறாள். கறுப்புச் சப்பாத்து, தடித்த கையுறை, தலையில் மாட்டுகிற முகமூடி எல்லாம் கொடுத்திருக்கிறார்களாம். போன மாதம் கொப்பியோடு வந்தாள்.

"அம்மம்மா, நீங்கள் இந்தத் தொழிலுக்கு எப்பிடி வந்தனீங்கள்? எழுதிக்கொண்டு வரச் சொன்னவை."

"எத்தினை வரி வேணும்?"

"ஒரு அஞ்சு வரி காணும்."

ஐந்து வரி சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டாள். மிச்சம் எனக்குள் கிடந்து புகைந்தது.

என் கணவர் வெல்டர். உள்துறைமுகப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாம் பக்கம் கடற்காற்று. சல்லியிலிருந்து வள்ளக்காரர் முறிந்த இரும்புகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். தோப்பூரிலிருந்து உழவு இயந்திரப் பெட்டிகள் வரும். புல்மோட்டையில் மண் அள்ளித் தேய்ந்த வாளிகள் லொறியில் வரும். சண்டை தொடங்கியதும் கடலுக்குத் தடை வந்தது, பாதையைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு பட்டறைக்கு வந்ததெல்லாம் கம்பி வேலைதான். வீட்டுக்காரர் ஜன்னலுக்குக் கம்பி கேட்டார்கள், ஆமிக் காம்புக்காரர் றோட்டுக்குக் கம்பி கேட்டார்கள். ஆட்களை மறிக்கிற தடைக் கம்பி, முள்ளுக்கம்பி சுற்றுகிற சட்டம், மண் நிரப்புகிற பீப்பாய். நாங்கள் ஒட்டிக் கொடுத்த கம்பிக்கு முன்னால் நாங்களே வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டினோம்.

பட்டறையில் இரண்டு பேருக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. ஒருவர் ஒட்டும்போது மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு இரும்பைப் பிடிக்க வேண்டும். யார் மூடினார்கள்? பின்னேரம் வீட்டுக்கு வரும்போது அவருடைய கண் இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி இருக்கும். மணலைக் கொட்டித் தேய்த்தது போல எரியும். அதற்கு எங்களுக்குத் தெரிந்த மருந்து தாய்ப்பால்தான். என் மூன்றாவது பிள்ளை அப்போது கைக்குழந்தை. அவரைக் கதிரையில் அண்ணாந்து இருக்கவைத்து இரண்டு துளி விடுவேன். பிறகு மற்ற வேலைக்காரரும் வந்தார்கள். வெட்கத்தோடு படலையில் நிற்பார்கள். நான் குசினிக்குள் போய்ச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பேன். முதலாளிக்கும் ஒரு தரம் கண்ணில் அடித்தது. அவர் படலைக்கு வரவில்லை. மனைவியை வெள்ளிக் கிண்ணத்தோடு அனுப்பினார். அவவுக்கும் கொடுத்தேன்.

பால் எரிவை ஆற்றும் என்று நம்பினோம். கண்ணைக் காப்பாற்றாது என்று டொக்டர் பிறகுதான் சொன்னார். சில வருடங்களில் என் கணவருடைய பார்வை மங்கத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

நான் மத்தியானம் சோறு கொண்டுபோவேன். அவர் ஒட்டுகிற இடம் விலகுவது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லுவேன், "வலப் பக்கம் போகுது, கொஞ்சம் இஞ்சால." ஒரு கிழமை இப்படி. அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் எரிந்து விழுந்தார்.

"இஞ்சேரும், நீர் சொல்லிச் சொல்லி நான் பிடிச்சுப் பிடிச்சு, ரெண்டு பேருக்கும் களைப்பு. நீரே பிடியும்."

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது இப்படித்தான். யாரும் அழைக்கவில்லை, விண்ணப்பம் நிரப்பவில்லை. முதல் நாள் வெல்டிங் குச்சி இரும்பில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. மூன்றாம் நாள் துண்டு துண்டாய் வந்தது. ஒரு மாதத்தில் நேர்க்கோடு. ஒட்டுகிறபோது வருகிற சத்தத்தைக் கேட்டுப் பழகினேன். சூடான எண்ணெயில் வடை விழுகிற சத்தம் அது. சத்தம் ஒரே சீராய் இருந்தால் ஒட்டும் சரி. அது எனக்குக் குசினியிலேயே தெரிந்த சத்தம்.

முதலாளி ஒரு நாள் வந்து, ஒட்டின இடத்தில் படிந்த கறுப்புத் தோலைச் சுத்தியலால் தட்டி உரித்துப் பார்த்தார்.

"ஆர் ஒட்டினது?"

"நான்தான்" என்றார் என் கணவர்.

முதலாளி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குக் கண் நல்லா வந்திட்டுது போல. நல்ல மருந்து" என்று சிரித்தார்.

துறைமுகத்துக்குள்ளே படிக்கட்டுக் கம்பி ஒட்டுகிற வேலை முதலாளிக்குக் கிடைத்தது. உள்ளே போக ஒவ்வொருவருக்கும் பாஸ் வேண்டும், பாஸில் என்ன வேலை என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுத வேண்டும். அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். வேலை: கூட்டித் துடைத்தல்.

"இது பேருக்குத்தானே, தங்கச்சி. உள்ள போக ஒரு சொல்லு வேணும். பொம்பிளை வெல்டர் எண்டு எழுதினா அவங்கள் சிரிச்சுப்போட்டு வேலையை வேற ஆளிட்டக் குடுத்திடுவாங்கள்."

ஓம் என்றேன். சொல் சுடாது என்று நினைத்தேன். உள்ளே தகரம் நட்டு மறைத்த இடத்தில் நான் ஒட்டுவேன். மேற்பார்க்கிறவர் வரும் சத்தம் கேட்டால் குச்சியை என் கணவர் கைக்குக் கொடுத்துவிட்டுக் கூட்டுகிற தும்புத்தடியை நான் எடுப்பேன். என் கணவர் நெஞ்சு வருத்தத்தில் போன பிறகு, முதலாளி தன் மச்சானைக் கொண்டுவந்து அந்த இடத்தில் இருத்தினார். மச்சானுக்குக் குச்சியின் எந்தப் பக்கம் எரியும் என்றும் தெரியாது. "அக்கா, நான் எப்பிடி நிக்கிறது? கோவமா நிக்கவோ?" என்று கேட்பார். கோபமாய் நின்றால் வெல்டர் மாதிரித் தெரியுமாம். எனக்கும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவும் இன்றைக்கு என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

என் இரண்டாவது மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு என்னோடு பட்டறைக்கு வந்தாள். வா என்று நான் சொல்லவில்லை. அடுத்த வருடமே அவளுடைய ஒட்டு என்னுடையதைவிட நன்றாய் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. என் கணவருடையதையும் பார்த்தவள், என்னுடையதையும் அறிந்தவள் நான். மெல்லிய தகரத்தைத் துளை விழாமல் ஒட்டுவாள். அது லேசில்லை.

ஆனால் நெருப்புப் பொறி யாரையும் விடாது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரண்டு கையிலும் சின்னச் சின்ன வட்டத் தழும்புகள், கழுத்தில் தோல் உரிந்த தடம். அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் மாமி தேத்தண்ணீர்க் கோப்பையை வாங்கும்போது கையைக் கண்டுவிட்டா.

"என்ன பிள்ளை இது, அம்மாள் வருத்தம் வந்ததோ?"

"ஓம், சின்னனில" என்று அம்மைத் தழும்பாக்கி நான் முந்திக்கொண்டு பொய் சொன்னேன். அந்தப் பேச்சு சரிவரவில்லை. அடுத்த நாளே துணி வாங்கி, மணிக்கட்டில் பொத்தான் பூட்டுகிற நீளக் கைச் சட்டை இரண்டு தைத்தேன். வெளியில் போனால் அதைத்தான் போட வேண்டும் என்றேன்.

"அம்மா, இந்த வெக்கையில என்னைப் பார்க்கிறவை விசர் எண்டு நினைப்பினம்."

"நினைச்சா நினைக்கட்டும். கையை மறை."

நான் செய்த பிழை அதுதான். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் இளம் பிள்ளைகளின் உடம்பில் தழும்பு இருந்தால் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். பையன்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி முழங்கையும் முழங்காலும் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். எங்கே ஆயுதப் பயிற்சி எடுத்தாய் என்றுதான் முதல் கேள்வி வரும். அது தெரிந்தும், என் மனம் முழுக்க மாமியின் கண்ணுக்குப் பயந்ததே தவிர, சோதனைச் சாவடியின் கண்ணுக்குப் பயப்படவில்லை.

நான் முதலே பட்டறைக்குப் போய்விட்ட ஒரு நாள் காலை. அடுத்த வீட்டுப் பிள்ளை இரைக்க இரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, சாவடிச் சென்றியில உங்கட மகளை மறிச்சு வைச்சிருக்கினம். சாக்கு மறைப்புக்குள்ள கூட்டிக்கொண்டு போய்ச் சட்டைக் கையைச் சுருட்டிப் பாத்தவையாம். பிறகு ஜீப்பில ஏத்தி காம்புக்குக் கொண்டு போட்டினம்."

"அவள் வெல்டிங் எண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னவள் அக்கா. வெல்டிங் எண்டா ஏன் மறைச்சனி எண்டு கேட்டவையாம்."

கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு முதலாளியின் வீட்டுக்கு ஓடினேன். ஒரு கடிதம் போதும். இந்தப் பிள்ளை என் பட்டறையில் வெல்டிங் செய்கிறாள், தழும்பு அதனால் வந்தது என்று இரண்டு வரி. அவருடைய பேருக்குக் காம்பில் மதிப்பு இருந்தது. அவர்களுக்குக் கம்பி அடித்துக் கொடுப்பவர் அவர்தானே.

அவர் என்னை இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

"தங்கச்சி, யோசிச்சுப் பார். நீ பாஸில கூட்டுறவள். உன்ர மகள் ஒரு பாஸிலயும் இல்லை. நான் இண்டைக்கு அவள் வெல்டர் எண்டு எழுதினா, இவ்வளவு நாளும் ஆர் ஒட்டினது எண்டு கேப்பாங்கள். துறைமுக வேலை போயிடும். என்னையும் உள்ள போடுவாங்கள்."

"என்ர பிள்ளை உள்ள இருக்கிறாள், முதலாளி."

"எனக்கும் பிள்ளையள் இருக்கு."

திரைக்குப் பின்னால் அவருடைய மனைவி நிற்பது தெரிந்தது. அவவின் கால் மட்டும் தெரிந்தது. வெள்ளிக் கிண்ணத்தை நீட்டியபோது என் வீட்டுக் குசினியில் நின்ற கால். நான் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "நீங்களாவது சொல்லுங்கோ." கால் உள்ளே போய்விட்டது.

கடிதம் இல்லாமல் காம்புக்குப் போனேன். வாசலில் மத்தியானம் வரை நிற்க வைத்தார்கள். பிறகு தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். காம்புக்குப் பெரியவர் ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். என் சேலைத் தலைப்பை விலக்கி, இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினேன். என் கையில் அவளுடையதைவிட இரண்டு மடங்கு தழும்பு. "இதுவும் அதுதான். நான் வெல்டர். அவளும் வெல்டர்" என்றேன்.

பொலிஸ்காரர் மொழிபெயர்த்தார். பெரியவர் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்லுறார்?"

பொலிஸ்காரர் தயங்கினார். "தாயும் மகளும் ஒரே இடத்தில பயிற்சி எடுத்தனீங்களோ எண்டு கேக்கிறார், அம்மா."

பெரியவர் என் பாஸை வாங்கிப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததை வாசித்தார். பாஸை என் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

அப்போது எனக்கு என்ன துணிவு வந்ததோ தெரியாது. வாசலில் தடைக் கம்பியின் கீல் முறிந்து கயிற்றால் கட்டியிருந்ததை நிற்கும்போது கண்டிருந்தேன். "குச்சியைத் தாருங்கோ. அதை ஒட்டிக் காட்டுறன்" என்றேன்.

பெரியவர் பொலிஸ்காரரிடம் ஏதோ சொன்னார். "நீங்கள் வேண்டாமாம். மகள் ஒட்டட்டுமாம்."

அவளைக் கொண்டுவந்தார்கள். நீளக் கை இரண்டும் தோள்வரை சுருட்டியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள், நடுவில் வெடிப்பு. ஜெனரேற்றரை இயக்கினார்கள். நான் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

முதல் குச்சி இரும்பைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டது. புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு நடப்பது அது. சிப்பாய்கள் கை தட்டினார்கள். அவள் முறுக்கிப் பிடுங்கினாள். இரண்டாவது குச்சி பட படவென்று வெடித்துத் துப்பியது. அவள் நிறுத்தினாள். குச்சியை வெளிச்சத்தில் பிடித்து, மேலே பூசியிருந்த பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இது கடல் காத்துக் குடிச்ச குச்சி" என்றாள் பொலிஸ்காரரிடம். "ஈரம். இதால ஆராலயும் ஒட்ட ஏலாது. தேத்தண்ணி அடுப்புக்கு மேல தகரம் வைச்சு, அதில காய வைச்சுத் தாங்கோ."

ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் பெனியனோடு குந்தியிருந்த ஒரு சிப்பாய் எழுந்து வந்தான். அவர்களுடைய வெல்டர் அவன்தான் போல. குச்சிக் கட்டை வாங்கிப் பார்த்தான். பெரியவரைப் பார்த்து ஏதோ சொன்னான். எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். "ஹரி" என்ற சொல் மட்டும் விளங்கியது. சரி என்று அர்த்தம்.

அரை மணித்தியாலம் குச்சி காய்ந்தது. அவள் வெயிலில் நின்றாள், நானும் நின்றேன். பிறகு அவள் ஒட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டேன். வடைச் சத்தம், ஒரே சீராய், நடுவில் ஒரு தடவையும் விட்டுப் போகவில்லை. அவள் தட்டியதும் கறுப்புத் தோல் ஒரே துண்டாய் உரிந்து விழுந்தது. பெரியவர் சப்பாத்துக் காலால் கம்பியை மூன்று தரம் உதைத்தார். அது அசையவில்லை. மூன்று நாளுக்குள் வேலை செய்கிற இடத்துக் கடிதம் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி அவளை வெளியில் விட்டார்.

வெடித்த கண்ணாடி வழியே வெளிச்சம் புகுந்து அன்று பின்னேரம் அவளுக்குக் கண் திறக்க முடியவில்லை. உருளைக்கிழங்கு சீவிக் கண்ணில் வைத்தேன். வேறென்ன இருந்தது என்னிடம்?

மூன்றாம் நாள் முதலாளி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பிள்ளை வெளியில் வந்துவிட்ட பிறகு அவருக்குப் பயம் போய்விட்டது. அவள் அதை றோட்டில் நின்று வாசித்தாள். துப்புரவு வேலை செய்பவருக்கு உதவியாள் என்று இருந்தது.

"அம்மா, நான் பொய் சொல்லுறன் எண்டுதான் என்னைப் பிடிச்சவை. அவை சொன்னது சரி எண்டு இந்தக் கடிதம் சொல்லுது."

"அந்த மனிசன் அப்பிடித்தான் மகள்."

"அவர் இல்லை. நீங்கள் எழுத விட்டபடியால்தான் எனக்கும் எழுதுறார். ஏன் விட்டனீங்கள்?"

அடுத்த நாள் காலை என் பாஸையும் அந்தக் கடிதத்தையும் முதலாளியின் மேசையில் வைத்தேன். "கோவப்படாதை தங்கச்சி. சண்டை முடியட்டும், சரியா எழுதித் தாறன்" என்றார். சண்டை முடிந்து எத்தனையோ வருடம். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் அடித்த கேற் எவ்வளவு உறுதி என்று ஊரில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். நான் குறுக்கே பேசுவதில்லை. ஒட்டைப் பார்த்தால் எது என்னுடையது, எது அவளுடையது என்று எனக்குத் தெரியும்.

நான் வீட்டு முற்றத்தில் வாடகை மெசின் வைத்து, கடல் தடை தளர்ந்த நாட்களில் சல்லி வள்ளக்காரருக்கு ஒட்டிக் கொடுத்தேன். கரண்ட் வந்த நாளில் வேலை, வராத நாளில் இல்லை. மிச்சப் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். அவள் மட்டும் திரும்பக் குச்சியைத் தொடவில்லை. கடிதம் இல்லாமல் சாவடியைத் தாண்ட ஏலாமல் நான்கு மாதம் வீட்டுக்குள் இருந்தாள். பிறகு ஏஜென்சிக்காரன் மூலம் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இடையில் வந்து கலியாணம் முடித்து, ஒரு பேத்தியைப் பெற்று என்னிடம் விட்டுவிட்டு, திரும்பவும் போனாள். நான் கண்ட ஒட்டுகளிலேயே நேரான ஒட்டு ஒட்டின கை, இருபது வருடமாய் வேறு யாருடைய வீட்டையோ கூட்டித் துடைக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் போனில் கோல் எடுப்பாள். அந்தக் கேள்வியை அவள் திரும்பக் கேட்டதில்லை. நானும் எடுத்ததில்லை.

ஒழுங்கைப் பிள்ளைக்கு ஐந்து வரியில் சொல்லாததைச் சொல்கிறேன். குச்சியைக் காய வை. நைலோன் சட்டை போடாதே. எண்ணெய் இருந்த தாங்கியைத் தண்ணீர் நிரப்பாமல் தொடாதே. தழும்பை மறைக்காதே. பயிற்சி முடிந்து கடதாசி தரும்போது அதில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறார்கள் எனப் பார். வேறு சொல் இருந்தால் திருத்தித் தரும்வரை அந்த இடத்தைவிட்டு அசையாதே. உனக்கு வாசிக்கத் தெரியும். அன்றைக்கு எனக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும். முதலாளி வாசித்துக் காட்டட்டும் என்று சும்மா நின்றேன். வேலை கிடைத்தால் போதும் என்று விட்டேன். என் மகளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் இவ்வளவுதான். அதற்கு இவ்வளவு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

பேத்தி, அந்த ரீவியை நிப்பாட்டிப்போட்டு இஞ்ச வந்து இரு. இண்டைக்கு வெள்ளி. உன்ர அம்மா கோல் எடுக்க முதல், இதை எனக்கு ஒருக்கா சத்தமா வாசிச்சுக் காட்டு.